மாதம் மாதம் வரும் காசு எங்கிருந்து வருகிறது?

குடும்பப் பொருளாதாரம்



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. தென் மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தங்கை 2014 ஆம் ஆண்டு கணவருடன் கனடாவுக்குப் போய் டொரன்டோவில் குடியேறியவர். கணவர் சென்ற ஆண்டு மௌத்தாகிவிட்டார். பத்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மர்ஹூம் நடத்திய சிறிய கடையை விற்று, கடன்களையெல்லாம் தீர்த்த பின் ஒரு இலட்சத்து ஐம்பதாயிரம் கனேடிய டொலர் மிஞ்சியிருக்கிறது.

கடிதத்தில் அவர் இப்படி எழுதுகிறார்: "இத்தா முடிந்ததும் தங்கச்சி வங்கிக்குப் போனாளாம். அங்கிருந்த ஒருவர் ஒரு தாளைக் காட்டி, இது உயர்ந்த பங்கிலாபம் தரும் கனேடிய நிதியம், வருடம் நூற்றுக்கு ஏழு வீதம், மாதாமாதம் கையில் வரும், முதலும் வளரும் என்றாராம். வட்டி இல்லை, பங்கிலாபம்தான் என்றும் சொன்னாராம். 'தாத்தா, சல்லியைப் போடட்டுமா?' என்று அவள் என்னிடம் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?"

இந்தச் சகோதரிக்கு எழுதும் பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். இன்று நம்மில் பலருக்கு மகனோ, மகளோ, தங்கையோ கனடாவில் இருக்கிறார்கள். ஒரு முடிவு எடுக்கும்போது அவர்கள் உம்மாவிடமும் தாத்தாவிடமும்தான் முதலில் கேட்கிறார்கள்.

முதலில் ஒன்றை நினைவூட்ட வேண்டும். அந்த ஒன்றரை இலட்சம் முழுவதும் தங்கைக்குச் சொந்தமானதல்ல. பிள்ளைகள் இருக்கும்போது மனைவியின் பங்கு எட்டிலொன்று. மீதி பிள்ளைகளுக்கும், உயிரோடு இருந்தால் கணவரின் தாய் தந்தைக்கும் உரியது. ஆகவே அவர் கையில் இருப்பது பெரும்பாலும் எத்தீம் பிள்ளைகளின் அமானத். யாருக்கு எவ்வளவு என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். இந்தப் பணத்தை வைத்துப் பரீட்சை பார்க்க முடியாது என்பதும் அப்போது தானாக விளங்கும்.

ஏழு வீதம் என்பதன் பொருள்

ஒரு கம்பனி தன் இலாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது பங்கிலாபம். பல கம்பனிகளின் பங்குகளைச் சேர்த்து வாங்கி, பலருடைய பணத்தை ஒன்றாக வைத்து நடத்துவது நிதியம். நமது நாட்டில் யூனிட் டிரஸ்ட் என்று சொல்வதும் இதே வகைதான். வங்கி வைப்பைப் போல இங்கே யாரும் ஒரு வீதத்தை உறுதி செய்வதில்லை. முதலுக்கும் உத்தரவாதம் இல்லை.

வீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஒரு வருடத்துப் பங்கிலாபத்தைப் பங்கின் இன்றைய விலையால் வகுத்து நூற்றுக்கு இவ்வளவு என்கிறார்கள். 50 டொலர் பங்குக்கு 2 டொலர் கொடுத்தால் 4 வீதம். அதே 2 டொலரைக் கொடுக்கும் பங்கின் விலை 25 ஆக விழுந்தால் வீதம் 8 ஆகிவிடும். கம்பனி ஒரு சதம்கூடக் கூட்டிக் கொடுக்கவில்லை. விலைதான் பாதியாகிவிட்டது. தாளில் தெரிவதோ "8 வீதம்" என்ற கவர்ச்சியான எண். நோயாளியின் உடம்புச் சூடு ஏறியதைப் பார்த்து உடம்பில் தெம்பு வந்துவிட்டது என்று எண்ணுவதைப் போன்றது இது.

இதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. பெல் கனடா தொலைபேசிக் கம்பனியின் தாய் நிறுவனம் பி.சி.இ. கனடாவில் ஓய்வு பெற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பங்கு. 2022 இல் அதன் விலை 70 டொலரைத் தாண்டியிருந்தது. பிறகு கடன் சுமையும் வட்டி உயர்வும் போட்டியும் சேர்ந்து விலையை இறக்கின. 2025 இன் தொடக்கத்தில் விலை 30 டொலர் அளவுக்கு வந்தபோது, வருடப் பங்கிலாபம் 3.99 டொலராக இருந்தது. தாளில் அது ஏறத்தாழ 13 வீதம்! அந்த எண்ணைப் பார்த்து வாங்கியவர்களும் இருந்தார்கள். 2025 மே மாதம் கம்பனி பங்கிலாபத்தை 1.75 டொலராகக் குறைத்தது. நூறு பங்கு வைத்திருந்தவருக்கு வருடம் 399 டொலர் வந்த இடத்தில் இனி 175 தான்.

இது தனியொரு சம்பவமல்ல. மெனுலைஃப் காப்புறுதிக் கம்பனி 2009 இல் பங்கிலாபத்தைப் பாதியாக்கியது. சன்கோர் எண்ணெய்க் கம்பனி 2020 இல் பாதிக்கு மேல் வெட்டியது. அல்கொன்குவின் மின்சாரக் கம்பனி 2023 இலும் 2024 இலும் இரண்டு தடவை குறைத்தது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மொன்ட்ரியால் வங்கி 1829 முதல் ஒரு வருடம்கூட விடாமல் பங்கிலாபம் கொடுத்து வருகிறது. 2008 நெருக்கடியிலும் கனடாவின் பெரிய வங்கிகள் பங்கிலாபத்தைக் குறைக்கவில்லை. ஆகவே கனேடியப் பங்கிலாபம் என்பதே ஏமாற்று என்று யாரும் நினைக்க வேண்டாம். எண் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்குக் கேள்வியும் கேட்க வேண்டும் என்பதே நான் சொல்வது.

தேங்காயா, தென்னை மரமா?

ஒரு தென்னந்தோட்டம் வைத்திருக்கிறீர்கள். மாதாமாதம் தேங்காய் விற்ற காசு வருகிறது. குத்தகைக்காரர் ஒருவர் வந்து, "நான் இரண்டு மடங்கு தருகிறேன்" என்கிறார். தருகிறார்தான். ஒரு நாள் போய்ப் பார்த்தால் தோட்டத்தின் ஒரு மூலையில் மரங்களைக் காணவில்லை. தேங்காய்க் காசோடு மரம் விற்ற காசையும் சேர்த்து உங்களுக்கே தந்திருக்கிறார்!

நிதியங்களிலும் இது நடக்கிறது. மாதாமாதம் கையில் வரும் தொகைக்கு அங்கே "பகிர்வு" என்று பெயர். அதில் உண்மையான பங்கிலாபமும் இருக்கலாம், உங்கள் முதலிலிருந்து திருப்பித் தரும் பணமும் இருக்கலாம். முதலைத் திருப்பித் தருவது எப்போதும் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் கம்பனிகள் 4 வீதம் கொடுக்கும்போது நிதியம் 7 வீதம் தந்தால், மீதி 3 எங்கிருந்து வந்தது என்று கேட்பது நம் கடமை.

அதற்கு மூன்று விடைகள் இருக்கலாம். ஒன்று, நான் சொன்னது போல முதலே கரைகிறது. இரண்டு, நிதியம் கடன் வாங்கிக் கூடுதல் பங்குகளை வாங்கியிருக்கிறது. சந்தை விழும்போது நட்டமும் கூடும். மூன்றாவது வழி இப்போது கனடாவில் மிகவும் பரவியிருக்கிறது. தன்னிடமுள்ள பங்கு விலையேறினாலும் குறித்த ஒரு விலைக்கே விற்றுத் தருவதாக நிதியம் வேறொருவருக்கு முன்கூட்டியே வாக்களிக்கிறது. அந்த வாக்குக்கு ஒரு தொகை வாங்கி, அதையும் நமக்குப் பகிர்கிறது. மாத வருமானம் கூடும். ஆனால் விலை நன்றாக ஏறும் காலத்தில் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி வேறொருவருக்குப் போய்விடும். இறக்கம் மட்டும் நம்மிடம் முழுமையாக வரும்.

தங்கைக்குக் காட்டிய தாளில் 7 வீதமும் முதல் வளர்ச்சியும் சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பதால், இந்த மூன்றில் எது என்பதை அவர் கேட்டே ஆக வேண்டும்.

வளரும் ஐந்நூறு

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150,000 டொலருக்கு 7 வீதம் என்றால் வருடம் 10,500, மாதம் 875. 4 வீதம் என்றால் வருடம் 6,000, மாதம் 500. எந்தத் தாயும் 875 ஐத்தான் எடுப்பார்.

ஆனால் பிள்ளைகளுக்கு வயது பத்தும் ஏழும். இந்தப் பணம் இருபது வருடம் உழைக்க வேண்டும். கனடா மத்திய வங்கி விலைவாசி வருடம் 2 வீதம் ஏறுவதையே தன் இலக்காக வைத்திருக்கிறது. 2022 ஜூனில் அது 8.1 வீதம் வரை போனது. 2 வீதத்தையே எடுத்துக்கொண்டாலும், வளராத 875 டொலர் இருபது வருடத்தில் இன்றைய 590 டொலரின் பொருளையே வாங்கும். மாறாக, இன்று 500 தந்து வருடம் 6 வீதம் வளரும் வருமானம் பன்னிரண்டு வருடத்தில் 1,000 ஆகும். 6 வீதம் வளரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனாலும் வளரும் வருமானத்துக்கும் வளராத வருமானத்துக்கும் உள்ள தூரத்தை இது காட்டுகிறது. கனேடியன் நேஷனல் ரயில்வே கம்பனி இதற்கு ஒரு உதாரணம். 1995 இல் அரசு அதைத் தனியாருக்கு விற்றது. 1996 முதல் ஒவ்வொரு வருடமும் பங்கிலாபத்தைக் கூட்டி வருகிறது. அதன் வீதம் எப்போதும் சிறியதாகவே தெரியும். "உயர்ந்த வீதம்" தேடுபவரின் பட்டியலில் அது வராது.

கூடைக்குள் பாருங்கள்

சந்தையில் மீன் கூடையை வாங்கும்போது மேலே உள்ளதை மட்டும் பார்த்து நாம் வாங்குவதில்லை. "கனேடியப் பங்கிலாப நிதியம்" என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் கூடைக்குள் இருப்பது வேறு வேறு. வான்கார்ட் நிறுவனத்தின் உயர் பங்கிலாப நிதியத்தில் பாதிக்கு மேல் வங்கியும் காப்புறுதியும்தான். ஐஷெயார்ஸ் நிறுவனத்தின் ஒரு நிதியம் எந்தத் துறையும் 30 வீதத்தையும் எந்தக் கம்பனியும் 5 வீதத்தையும் தாண்டாதபடி அளவு வைக்கும் பட்டியலைப் பின்பற்றுகிறது. அதே நிறுவனத்தின் இன்னொரு நிதியம் குறைந்தது ஐந்து வருடம் பங்கிலாபத்தைக் கூட்டி வந்த கம்பனிகளையே எடுக்கிறது. முதலாவது இன்றைய வீதத்தைத் தேடுகிறது, இரண்டாவது பரவலைத் தேடுகிறது, மூன்றாவது வளர்ச்சியைத் தேடுகிறது. ஒரு வீட்டின் வருமானம் முழுவதும் ஒரே துறையில் தங்கியிருப்பது நல்லதல்ல என்பது கடை வைத்த குடும்பத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது கட்டணம். வங்கிக் கிளைகளில் விற்கப்படும் பங்கிலாப நிதியங்களில் முகாமைக் கட்டணமும் செலவும் வருடம் ஒன்றரை முதல் இரண்டு வீதம் வரை இருப்பது சாதாரணம். பங்குச் சந்தையிலேயே வாங்கக்கூடிய, மேலே சொன்ன முதல் இரண்டு நிதியங்களுக்கும் அது சுமார் 0.22 வீதம். 150,000 டொலருக்கு 2 வீதம் என்றால் வருடம் 3,000 டொலர். 0.22 வீதம் என்றால் 330 டொலர். இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் இந்தத் தொகை கழிக்கப்படும். நம் கையிலிருந்து எண்ணிக் கொடுக்காததால் வலி தெரிவதில்லை.

வரியும் பிள்ளைகளின் உதவித் தொகையும்

கனடாவில் பங்கிலாபத்துக்கு வரிச் சலுகை உண்டு என்று விற்பவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சொல்லாமல் விடும் ஒரு பக்கம் இருக்கிறது. பெரிய கம்பனிகளின் பங்கிலாபம் 1,000 டொலர் வந்தால், வருமானக் கணக்கில் அதை 1,380 என்று ஏற்றிக் காட்டி, பிறகுதான் வரியில் சலுகை கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அரசு தரும் மாத உதவித் தொகை குடும்ப வருமானத்தைப் பார்த்தே கணக்கிடப்படுகிறது. ஏற்றிய தொகைதான் அங்கே எண்ணப்படும். குறைந்த வருமானமுள்ள ஒரு தாய்க்கு இதனால் உதவித் தொகை குறையலாம்.

இதற்கு வழி, 2009 இல் தொடங்கிய வரியில்லாச் சேமிப்புக் கணக்கு. அதற்குள் வரும் வருமானத்துக்கு வரி இல்லை. உதவித் தொகைக் கணக்கிலும் அது சேராது. வருடத்துக்கு ஓர் எல்லை உண்டு. பயன்படுத்தாத எல்லை அடுத்த வருடத்துக்குச் சேரும். பதினெட்டு வயது கடந்து 2014 முதல் கனடாவில் வசிக்கும் ஒருவருக்கு 2025 முடியச் சேர்ந்த எல்லை 76,500 டொலர். எல்லையைத் தாண்டினால் அபராதம் உண்டு. அதனால் வரித் திணைக்களத்தில் தன் எல்லையைக் கேட்டறிந்தே போட வேண்டும். மர்ஹூமுக்கு அப்படியொரு கணக்கு இருந்து, அதில் மனைவியை வாரிசுக் கணக்காளராக எழுதியிருந்தால், அதுவும் வரியின்றி மனைவி பெயருக்கு மாறும். மாறினாலும் அதுவும் பங்கு வைக்க வேண்டிய சொத்தில் சேர்ந்ததுதானா என்பதை ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று மிக அவசரமானது. கடை நடத்தியவரும் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குப் பணம் கட்டியிருப்பார். போதிய வருடங்கள் கட்டியிருந்தால் விதவைக்கு மாதாந்த ஓய்வூதியமும் பிள்ளைகளுக்குத் தனித் தொகையும் கிடைக்கும். விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். தாமதித்தால் கடந்த காலத்துக்கு ஏறத்தாழ ஒரு வருடத் தொகையே திருப்பித் தருவார்கள். நிதியத்தைப் பற்றி யோசிக்கும் முன்னர் இந்தப் படிவத்தை நிரப்பட்டும்.

"வட்டி இல்லை" என்ற வார்த்தை

கடிதம் எழுதிய சகோதரியின் மனதை உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். பங்கிலாபம் என்ற பெயர் வட்டியல்ல என்பது சரி. ஆனால் வங்கியின் பங்கிலாபம் எதிலிருந்து வருகிறது? வங்கி கொடுத்த கடனுக்கு வாங்கிய வட்டியிலிருந்துதான். பாதிக்கு மேல் வங்கியும் காப்புறுதியும் உள்ள கூடையை வட்டி இல்லாதது என்று சொல்ல முடியாது.

பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட அயோஃபி அமைப்பின் பங்குகள் பற்றிய அளவுகோலைப் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். கம்பனியின் அடிப்படைத் தொழில் ஆகுமானதாக இருக்க வேண்டும். வட்டிக் கடன் அதன் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்தை எட்டக் கூடாது. ஆகாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 வீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பகுதியையும் கணக்கிட்டு அப்புறப்படுத்த வேண்டும். வட்டியில் சிறிதளவு ஈடுபடும் கம்பனியும் கூடாது என்ற கடுமையான கருத்துடைய உலமாக்களும் உண்டு. மேலே சொன்ன, விலையேற்றத்தை முன்கூட்டியே விற்கும் ஒப்பந்தங்கள் ஆகுமானவையல்ல என்று 1992 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு மன்றம் முடிவு செய்தது.

இந்த அளவுகோலை வைத்தால், உயர்ந்த பங்கிலாபக் கூடையிலிருந்து வங்கியும் காப்புறுதியும் முதலில் போய்விடும். எண்ணெய்க் குழாய், மின்சாரம், தொலைபேசிக் கம்பனிகள் பெருங்கடனில் நடப்பவை. அவற்றிலும் பல போய்விடும். ஆகவே வழக்கமான கனேடியப் பங்கிலாப நிதியத்தை அப்படியே வாங்கும் வழி நமக்கு அடைபட்டதுதான்.

அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஷரீஆ அளவுகோலின்படி தெரிந்தெடுத்த உலகப் பங்குகளைக் கொண்ட நிதியம் 2021 முதல் கனடாவில் கிடைக்கிறது. வெல்த்சிம்பிள் நிறுவனத்தினுடையது அது. இத்தகைய நிதியத்தில் பங்கிலாப வீதம் சிறியது. ஆனால் செலவுக்குத் தேவையான காசு பங்கிலாபமாகவே வர வேண்டும் என்று சட்டம் இல்லை. தேவைக்கேற்ப, வருடம் மூன்று நான்கு வீதத்துக்கு உரிய அலகுகளை விற்றும் எடுக்கலாம். வித்தியாசம் என்ன? இங்கே எத்தனை மரம் விற்கிறோம் என்பது நமக்குத் தெரியும். நாமே எண்ணி விற்கிறோம். முழுவதும் பங்கு என்பதால் சில வருடங்களில் பெறுமதி பலமாக விழும். விழுந்த வருடத்தில் விற்காமல் இருக்க, இரண்டு மூன்று வருடச் செலவுக்கு உரிய பணத்தை வட்டியில்லாத நடைமுறைக் கணக்கில் தனியாக வைத்திருக்க வேண்டும்.

தங்கைக்குச் சொல்ல வேண்டியது

சகோதரியே, தங்கைக்குத் தொலைபேசியில் இப்படிச் சொல்லுங்கள். "இன்றைக்கே கையெழுத்து வைக்காதே. ஒரு மாதம் பொறு. முதலில் ஓய்வூதியப் படிவத்தைக் கொடு. பங்கு எவ்வளவு என்று ஓர் ஆலிமிடம் கேட்டு எழுதி வை. பிறகு அந்த வங்கிக்காரரிடம் ஐந்து கேள்வி கேள்" என்று.

இந்த ஏழு வீதத்தில் கம்பனிகள் தந்த பங்கிலாபம் எவ்வளவு? மீதி எங்கிருந்து? வருடம் எல்லாச் செலவும் சேர்த்து எவ்வளவு கழிப்பீர்கள்? நிதியத்தில் உள்ள பத்துப் பெரிய கம்பனிகள் எவை? 2020 இலும் 2022 இலும் இதன் விலையும் மாதத் தொகையும் என்ன ஆயின? நாளை எனக்குப் பணம் தேவைப்பட்டால் அபராதமின்றி எடுக்க முடியுமா?

பதில்களை எழுத்தில் வாங்கட்டும். நேர்மையானவர் எழுதித் தருவார். எழுதித் தரத் தயங்கினால் அதுவே ஒரு பதில். பங்கிலாபம் விற்றுத் தரகு வாங்காத, கட்டணம் மட்டும் பெற்று ஆலோசனை சொல்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய தொகைக்கு ஒரு தடவை அவர்களிடம் கட்டணம் கொடுத்துக் கேட்பது வீண் செலவாகாது.

நமது நாட்டிலும் பக்கத்து வங்கியைவிடப் பல வீதம் கூடுதலாகத் தருகிறோம் என்ற இடங்களில் வளையல் விற்ற காசைப் போட்டு, பின்னர் வாசலில் வரிசையில் நின்ற பெண்களை நாம் மறக்கவில்லை. கனடாவில் சட்டமும் மேற்பார்வையும் கூடுதல்தான். ஆனாலும் "இந்தக் காசு எங்கிருந்து வருகிறது?" என்ற கேள்வியை நமக்குப் பதிலாக எந்தச் சட்டமும் கேட்டுத் தராது. மர்ஹூம் காலையிலிருந்து இரவு வரை கடையில் நின்று சேர்த்த பணம் அது. அவருடைய பிள்ளைகள் வளர்ந்து கணக்குக் கேட்கும் நாளில், தாய் தலை நிமிர்ந்து காட்டக்கூடியதாக அது இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.